நடக்காததற்கு டிக்டிக் இல்லை

பினாங்குத் தீவுக்கு அக்கரையில், மாக் மண்டினில் இருந்த அந்த பிஸ்கட் டின் தொழிற்சாலை, எண்பத்திரண்டாம் வருஷம் தொழிற்சாலைகளுக்கு இடையிலான கால்பந்துக் கோப்பையை வென்றது. வேறு இடமாக இருந்தால் கெண்டூரி விருந்து வைத்து பிரியாணி போட்டிருப்பார்கள். இங்கே விசாரணை வைத்தார்கள். ஏன் வென்றோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். காரணம் தெரியாமல் நடந்த எதையும் தரக்கட்டுப்பாட்டுத் துறை சும்மா விடாது.

துறைத் தலைவர் நாகநாதன் ஜப்பானுக்கு மூன்று வாரப் பயிற்சிக்குப் போய் வந்தவர். போகும்போது சாதாரண மனுஷராகத்தான் போனார். வந்தபோது இடுப்பை வளைத்துக் குனியக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். பெரிய முதலாளிகளைக் கண்டால் குனிவார். மற்றவர்களைக் கண்டால், அப்படிக் குனிந்ததால் வந்த இடுப்பு வலியை நினைத்துக்கொண்டு முறைப்பார். மேடையில் அவருக்கு ஆங்கிலம்தான் வரும். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் வரும்.

விசாரணையில் முதல் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தவர் பயிற்சியாளர் சீனி முகம்மது. பகலில் ஸ்டோர் கீப்பர், மாலையில் திடலில் விசில்.

"ஏன் வெண்டனீங்கள்?" என்று கேட்டார் நாகநாதன்.

"நம்ம ஆளுங்க நல்லா விளாண்டாங்க சார். அதான்."

"நல்லா எண்டா எத்தினை?"

இருபது வருஷம் பந்து சொல்லிக்கொடுத்த மனுஷன், அவருக்கு 'நல்லா' என்றால் எத்தனை என்று தெரியவில்லை. அந்தக் கேவலத்தைச் சபையே பார்த்தது.

"ஒரு டின் மூடி பொருந்தினால் போதாது" என்று நாகநாதன் ஆங்கிலத்துக்கு மாறினார். "ஏன் பொருந்தியது என்பது தாளில் இருக்க வேண்டும். தாளில் இல்லையென்றால் அது பொருந்தவில்லை. காரணம் தெரியாத தோல்வி ஒரு குறைபாடு. காரணம் தெரியாத வெற்றி அதைவிடப் பெரிய குறைபாடு. ஏனென்றால் அதை யாரும் புகார் செய்வதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் குலசேகரமும் ஒருவர்.

குலசேகரம் துறையின் குமாஸ்தா. தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா, அப்பா கருவூலத்தில் குமாஸ்தா. நல்ல கையெழுத்தில் எழுதப்பட்டது எதுவும் பொய்யாக இருக்காது என்று நம்புகிற பரம்பரை. டின்களில் விழும் நசுங்கலை எண்ணுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆகவே அடுத்த பருவத்தில் பந்தாட்டத்தை எண்ணும் பொறுப்பு அவர் தலையில் வந்தது. தலையில் வந்தது என்று நான்தான் சொல்கிறேன். அவர் அதைக் கிரீடம் என்றே நினைத்தார். வீட்டுக்குப் போய் மனைவி யோகலட்சுமியிடம் இரண்டு தடவை சொன்னார்.

எண்ணுவதற்குக் கருவி இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு எண் ஏறும் சின்ன இரும்புச் சாமான். டின் எண்ணும் பெண்கள் அதை டிக்டிக் என்பார்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் நான்கு டிக்டிக்: பந்தைத் தொட்டால் ஒன்று, பாஸ் கொடுத்தால் ஒன்று, எதிராளியிடமிருந்து பறித்தால் ஒன்று, ஓடினால் ஒன்று. ஆய்வு வரிசையிலிருந்து நோர்மாவையும் இன்னும் சில பெண்களையும் உதவிக்குக் கொடுத்தார்கள். தற்காப்பு வரிசை குலசேகரத்தின் பங்குக்கு வந்தது. அதில் ஸ்டாப்பராக நின்றவன் முனுசாமி.

குலசேகரத்துக்கு இங்கேதான் சிக்கல். முனுசாமி வேறு யாரோ இல்லை. சுங்கை பினாங்கில் இரண்டு வீடு தள்ளி இருப்பவன். ஒவ்வொரு நாள் காலையிலும் தன் கப்சாய் மோட்டார் சைக்கிளில் குலசேகரத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஃபெரியில் அக்கரை கடந்து, ஆலை வாசலில் இறக்கிவிடுகிறவன். குலசேகரத்துக்கு முதுகெலும்பில் கோளாறு. பஸ்ஸில் போனால் வலிக்கும். ஒரு தடவை வேறொருவர் மோட்டாரில் ஏறிப்போய் மூன்று நாள் பாயோடு கிடந்தார். முனுசாமியின் வண்டியில் மட்டும் வலிப்பதில்லை. ஏன் என்று அவர் யோசித்ததில்லை. வண்டி நல்ல வண்டி என்று வைத்துக்கொண்டார்.

முனுசாமி அச்சுப் பிரிவில் கான்டிராக்ட் ஆள். கோப்பை வென்றால் வேலையைப் பெர்மனன் ஆக்குகிறோம் என்று வாய் வார்த்தை சொல்லியிருந்தார்கள். வென்ற பிறகு, காரணம் தெரியும்வரை பொறுங்கள் என்றார்கள். இப்போது புதிய விதி: கான்டிராக்டில் இருக்கும் ஆட்டக்காரர்களை நிரந்தரமாக்குவது டிக்டிக் கணக்கின்படி. மனைவி குணவதிக்கு ஐந்து மாதம். பெர்மனன் ஆனால் அவளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் கம்பெனி ஆஸ்பத்திரி. இல்லையென்றால் வருஷக் கடைசியில் வேலையே சந்தேகம்.

"நீங்கதானண்ணே எண்ணப் போறீங்க? அப்ப எனக்குக் கவல இல்லலா" என்றான் முனுசாமி. குலசேகரத்துக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

முதல் ஆட்டம் இரண்டுக்குப் பூஜ்யம், வெற்றி. குலசேகரம் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு முனுசாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். முனுசாமி நின்றான். கையை நீட்டி, "உள்ள வா! அவன வுடு! எடதுல போ!" என்று கத்தினான். இரண்டடி நகர்ந்து மறுபடியும் நின்றான். எதிரணியின் முன்கள ஆட்டக்காரன் பந்தோடு ஓடிவந்தான், முனுசாமி நிற்கும் இடத்தைப் பார்த்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி ஆள் இல்லாத இடத்துக்குப் பந்தை உதைத்தான். மறுபடி வந்தான். மறுபடி திரும்பினான். ஆட்டம் முழுக்க இதே கதை. குலசேகரம் இதைக் கண்ணாரப் பார்த்தார். பார்த்ததை எந்த டிக்டிக்கில் அழுத்துவது என்றுதான் தெரியவில்லை. கட்டைவிரல் அந்தரத்திலேயே நின்றது.

அறிக்கை வந்தது. நோர்மாவுக்கு அதுவரை பந்தாட்டம் தெரியாது. திடலில் ஓடியவர் எல்லோரையும் எண்ணிவிட்டாள். ஆகவே ஓட்டத்தில் முதலிடம் ஒரு கறுப்புச் சட்டைக்காரருக்கு. "யார் இவர்? அபாரமான உழைப்பு. நம் ஆளா? இல்லையென்றால் இழுத்துப்போட முடியுமா?" என்று நாகநாதன் ஆவலாகக் கேட்டார். அவர்தான் நடுவர் என்று சீனி முகம்மது மெல்லச் சொன்னார். "நடுவராக இருக்கட்டும். அவரிடம் இருக்கும் ஆர்வம் நம் ஸ்டாப்பரிடம் இல்லையே!"

பட்டியலின் அடியில் முனுசாமி இருந்தான். கோல்கீப்பருக்கு அவனைவிடக் கொஞ்சம் மேலே இடம். அவர் கைக்குப் பந்தே வரவில்லை என்பதால் அவரும் சோம்பேறி என்று முடிவாகியிருந்தது.

"சார், அவன் நிக்கிறதாலதான் பந்து வரல" என்றார் சீனி முகம்மது.

"மிஸ்டர் சீனி, எங்கள் ஆலை வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். அவர் நிற்பதால்தான் புலி வரவில்லை என்று சொல்வீர்களா? குலசேகரம், நீர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். முனுசாமி ஏதாவது செய்தானா?"

எல்லோரும் குலசேகரத்தைப் பார்த்தார்கள். அவர் வாயில் வார்த்தை இருந்தது. அவனைப் பார்த்துத்தான் திரும்பினார்கள் சார் என்கிற ஒரே வாக்கியம். ஆனால் நாகநாதனின் கையில் தாள் இருந்தது. தாளில் குலசேகரத்தின் சொந்தக் கையெழுத்து, பூஜ்யங்கள் எல்லாம் அழகாக வட்டமாக.

"எண்ணிக்கையில ஒண்டும் இல்லை சார்" என்றார்.

அன்று வீட்டில் யோகலட்சுமி போட்ட தோசையை அப்படியே தள்ளி வைத்தார். "என்னப்பா, முதுகு நோகுதோ?" என்று கேட்டாள். முனுசாமி ஏற்றிவந்த முதுகு நோகவில்லை. அதுதான் நொந்தது.

மறுநாள் ஃபெரியில், தண்ணீரைப் பார்த்தபடியே முனுசாமியிடம் புத்தி சொன்னார். நேராக முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"தம்பி, கொஞ்சம் பந்தத் தொடு. தொட்டாத்தான் எனக்கு அமுக்க முடியும்."

"பந்து வரலியேண்ணே."

"வர விடு."

"வர விட்டா கோல் விழும்ணே" என்றான் முனுசாமி.

"விழுந்தா விழட்டும். கோல் கீப்பர் கணக்குல போகும்."

இந்த யோசனையைத் தானே சொன்னோமா என்று குலசேகரத்துக்கே பிற்பாடு நம்பிக்கை வரவில்லை. முனுசாமி கெட்டிக்காரன், பிடித்துக்கொண்டான். எதிராளியை உள்ளே விடுவான், பின்னாலேயே துரத்துவான், சறுக்கி விழுந்து பறிப்பான். டிக். பறித்த பந்தை அவனிடமே தொலைப்பான், மறுபடி பறிப்பான். டிக், டிக். அவன் மதிப்பெண் ஏறியதைப் பார்த்த மற்றவர்களுக்கும் கண் திறந்தது. பாஸ் குறைவாக இருந்த இரண்டு பேர் எண்ணும் மேசைக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, மூன்றடி இடைவெளியில் உனக்கு எனக்கு என்று பந்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அவர்களைத் தாண்டிப்போக எதிரணிக்குக் கூச்சமாக இருந்தது. வலது பக்கம் ஓடுகிறவன் பந்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு ஓடினான். கோல்கீப்பர், எதிரணி ஆட்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, "அபாங், ரெண்டு அடி அடிங்க, மெதுவா" என்று கெஞ்சினார்.

அணி தோற்றது. மறுபடி தோற்றது. அப்புறம் ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்ற அன்று, நாகநாதன் கேன்டீனில் கூட்டம் போட்டுக் கேக் வெட்டினார்.

"இன்று இந்த ஆலையின் வரலாற்றிலேயே அதிகமான பாஸ், அதிகமான பறிப்பு, அதிகமான ஓட்டம்! சிலர் ஐந்து கோல் விழுந்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் விளக்குகிறேன். அந்த ஐந்து கோலையும் அடித்தவர்கள் எதிரணி. ஆகவே அது எதிரணியின் புள்ளிவிவரம். நம் துறைக்குள் அது வராது. அதற்காக நாம் வருத்தப்படுவது அடுத்தவர் வேலையில் தலையிடுவதாகும்."

முனுசாமிக்கு அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஒரு தாளும் ஒரு பிஸ்கட் டின்னும் கொடுத்தார்கள். டின் காலி. சீனி முகம்மது கேக்கைத் தொடாமல் வெளியே போனார். முனுசாமி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். குலசேகரம் முனுசாமியைப் பார்த்தார், உடனே கேக்கைப் பார்த்தார்.

கடைசி ஆட்டம் பிறை என்ற ஊரிலிருந்த கையுறைத் தொழிற்சாலையோடு. தோற்றால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். முனுசாமியைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். கணக்கில் அவன்தான் முதல். இன்னும் ஒரு தடவை விழுந்து புரண்டால் பெர்மனன் கையில். ஆனால் அன்று காலை ஃபெரியில் அவன் சொன்னான்:

"அண்ணே, இன்னிக்கி நான் பழையபடி நிக்கப் போறேன். கோச்சு மொகத்தப் பாக்க முடியலண்ணே. மனசு கேக்கல."

"தம்பி, பைத்தியமா? ஒரே ஒரு மேட்ச்! குணவதிய நெனச்சுப் பாரு!"

"அவதான்ணே சொன்னா. ராத்திரி தூக்கத்துலகூட ஒதைக்கிறீங்க, போய் ஒழுங்கா விளாடுங்கன்னு." சிரித்தான். "அதோட நீங்க இருக்கீங்கல்ல. நான் என்ன செய்றேன்னு நீங்க பாப்பீங்கல்ல?"

"பாப்பன் தம்பி" என்றார் குலசேகரம். சத்தியமாகத்தான் சொன்னார்.

பார்த்தார். கையுறைக்காரர்களின் முன்கள ஆட்டக்காரன் ஆறடி உயரம். பந்தோடு வந்தான், முனுசாமியைக் கண்டான், திரும்பினான். குலசேகரம் அழுத்தினார். டிக். மறுபடி வந்தான், திரும்பினான். டிக். பறித்தல் என்று எழுதியிருந்த டிக்டிக்கில்தான் அழுத்தினார். வேறு எதில் அழுத்துவது? பறிக்கத்தான் செய்தான், பந்தை இல்லாவிட்டாலும் நினைப்பை. அத்தனை மாதமும் செய்த பாவத்தைக் கட்டைவிரலாலேயே கழுவுகிற மாதிரி இருந்தது அவருக்கு. ஒன்றுக்குப் பூஜ்யம், வெற்றி. சீனி முகம்மது திடலின் நடுவில் உட்கார்ந்து அழுதார். குலசேகரத்துக்கும் அழுகை வந்தது.

திங்கட்கிழமை நாகநாதன் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். தமிழில் ஆரம்பித்தார், அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"பந்தைத் தொட்டது நாலு தரம். பறிச்சது நாப்பத்திமூண்டு தரம். தொடாமல் எப்பிடி ஐசே பறிக்கிறது?"

"சார், அவங்கள் வந்தவங்கள். முனுசாமியைக் கண்டிட்டுத் திரும்பிப் போனவங்கள். நடக்க இருந்தது நடக்கேல்லை. அதை எண்ணினனான்."

நாகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"நடக்காததை எண்ணினீரோ? இண்டைக்குக் காலமை நான் ஃபெரியில இருந்து கடலுக்குள்ள விழேல்லை. அதுக்கும் ஒரு டிக் போடுவீரோ? இந்த ஆலை நேற்று எரியேல்லை. அதுக்கு எத்தினை டிக்? நடக்காததை எண்ணத் தொடங்கினா, ஒண்டும் செய்யாதவன் எல்லாம் மேதையாகிடுவான். பிறகு என்னைப்போல ஆக்களுக்கு என்ன மரியாதை?"

கடைசி வாக்கியத்தை அவர் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. உடனே ஆங்கிலத்துக்குத் தாவினார். "அடுத்த பயிற்சிக்கு உம்மை ஜப்பானுக்கு அனுப்பலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பொய்யாக எண்ணும் ஒருவரை அனுப்ப முடியாது. ஆகவே சொல்லும். பிழை ஆளிடமா, சாமானிடமா?"

மேசைமேல் டிக்டிக் இருந்தது, நாற்பத்திமூன்று காட்டிக்கொண்டு. பிழை ஆளிடமும் இல்லை, சாமானிடமும் இல்லை, உங்களிடம்தான் சார் என்று சொல்ல குலசேகரத்துக்கு வாய் வரவில்லை. கருவூலத்துக் குமாஸ்தாவின் மகன். அவர் நாக்கு மேலதிகாரி முன்னால் ஒரே ஒரு பக்கம்தான் புரளும்.

"சாமான்தான் சார். சிக்கிக்கொண்டுது."

நாகநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பழுதான கருவியால் எடுத்த கணக்கு செல்லாது என்று விதி. பருவம் முழுக்க முனுசாமிக்குப் பயன்படுத்தியது அதே கருவி. ஆகவே முனுசாமியின் கணக்கு முழுவதும் ரத்து. முனுசாமி, தரவு இல்லாத ஊழியர். தரவு இல்லாதவரை நிரந்தரமாக்க முடியாது, நீட்டிக்கவும் முடியாது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்த அந்த ஆட்டம் மறுபடியும் காரணம் தெரியாத வெற்றி என்று குறைபாடுகளின் கீழ் சேர்ந்தது. டிக்டிக்கைப் பழுது பார்க்க அனுப்பினார்கள். பழுது எதுவும் இல்லை என்று சான்றிதழோடு திரும்பி வந்தது. சான்றிதழைப் பெருமையாகக் கோப்பில் வைத்தார்கள். ஜப்பானுக்கு அந்த முறையும் நாகநாதனே போனார், முதல் தடவை கற்றதில் மறந்துபோனதைக் கற்றுவர.

முனுசாமியைக் கையுறைக்காரர்கள் மறுவாரமே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்களிடம் எண்ணுகிற துறை இல்லை. அந்த ஆறடிக்காரன் ஒரு வார்த்தை சொன்னானாம், அவ்வளவுதான். ஆனாலும் அங்கேயும் கான்டிராக்ட்தான், மறுபடி முதல் வருஷத்திலிருந்து. குணவதி அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து பெண் பிள்ளை பெற்றாள். யோகலட்சுமி பத்தியக்கறி சமைத்துக் கொண்டுபோனாள். குலசேகரம், ஆபீஸில் வேலை இருக்கிறது என்று போகவில்லை. வேலை ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த பருவத்தில் இரு அணிகளும் மோதின. முனுசாமி எதிர்ப் பக்கம் நின்றான். டின்காரர்கள் பந்தோடு ஓடினார்கள், அவனைக் கண்டார்கள், திரும்பினார்கள். நோர்மா குலசேகரத்தின் பக்கம் சாய்ந்து மலாயில் கேட்டாள்: "அந்த அண்ணன் ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் ஏன் எல்லாரும் அவரைப் பார்த்ததும் திரும்பிப் போகிறார்கள்?"

"உன் வேலை எண்ணுவது. எண்ணு" என்றார் குலசேகரம். சொல்லிவிட்டுத் தன் குரல் யாருடைய குரல் மாதிரி இருக்கிறது என்று அவருக்கே புரிந்தது. காது கூசியது.

மறுநாள் காலையிலும் வாசலில் கப்சாய் வந்து நின்றது. இதைச் சொல்ல மறந்துவிட்டேன்: முனுசாமி வருவதை நிறுத்தவே இல்லை. பிறைக்குப் போகிறவன் மாக் மண்டினுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றினான். வேண்டாம் தம்பி என்று குலசேகரம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "ஒங்க முதுகு என்னாவுறது? ஏறுங்கண்ணே" என்பான்.

ஃபெரியை விட்டு இறங்கியதும் முனுசாமி கேட்டான். திரும்பிப் பார்க்காமல்தான் கேட்டான்.

"அண்ணே, அன்னிக்கி டிக்டிக் நெசமாவே சிக்கிக்கிச்சா?"

குலசேகரத்துக்கு அவன் தலைக்கவசத்தின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

"இல்ல, கோச்சு சொன்னாரு. ரிப்பேர்காரன் பழுதில்லன்னு எழுதிக் குடுத்துட்டானாம்" என்றான் முனுசாமி. அவசரப்படுத்தவில்லை. பதில் வருவதற்கு இடம் விட்டுக் காத்திருந்தான்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று குலசேகரத்தின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சிக்கிக்கிச்சு தம்பி" என்றார்.

"பழைய சாமான்லா. நீங்க என்ன செய்வீங்க" என்றான் முனுசாமி.

முந்திய இரவு மழை. முன்னால் போன லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி, ஏற்றியிருந்த சாமானை எல்லாம் தூக்கிப் போட்டது. முனுசாமி அதற்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, பள்ளம் இருந்த சுவடே தெரியாமல் தாண்டிவிட்டான். இன்னொரு பள்ளம். அதையும் அப்படியே. குலசேகரம் முதல் தடவையாகச் சாலையைக் கவனித்தார். சாலை முழுக்கப் பள்ளம். இத்தனை வருஷமாக இந்தச் சாலையில்தான் வந்து போயிருக்கிறார், ஒரு நாளும் முதுகு அதிர்ந்ததில்லை. வண்டி நல்ல வண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. முனுசாமி அவரை ஆலை வாசலில் இறக்கிவிட்டு, "சாயங்காலம் வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் பிறைக்குத் திரும்பினான்.